யார் இழுத்த கோடு

எங்கள் சந்தில் தையல் மெஷின் மெக்கானிக் ஒருவர் இருக்கிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருக்கத்தான் வேண்டும். அதைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. மெஷின் ஓடுகிற இடங்களில் எல்லாம் அவர் ‘அஞ்சு நிமிஷம்’. போனை எடுத்தால் அஞ்சு நிமிஷம் என்பார், வாசலில் வந்து நின்று பையைத் திறக்கும்போதும் அஞ்சு நிமிஷம் என்பார், இங்கே திருகைக் கழற்றிக்கொண்டே அடுத்த கடைக்காரனிடம் போனில் அதையே சொல்வார். சொன்னபடி முடித்தும் விடுவார், அதையும் சொல்லிவிட வேண்டும். அவர் கை வைத்த மெஷின் அன்றைக்கு ஓடும். அடுத்த மாதம் நின்றால் மறுபடியும் அஞ்சு நிமிஷம்.

ஆள் பார்க்க லட்சணமாகத்தான் இருப்பார். இடது புருவத்தின் நடுவில் மட்டும் முடி முளைக்காத ஒரு வெட்டுத் தழும்பு. எப்படி வந்தது என்று ஒருமுறை கேட்டேன். ஏதோ ஒரு மெஷினின் தலையைப் பின்பக்கம் சாய்த்து வைத்திருந்தாராம், அது திரும்ப விழுந்து இடித்துவிட்டதாம். எந்த மெஷின் என்றேன். ஊரில் இருக்கிற மெஷினுக்கெல்லாம் கணக்கு வைத்துக்கொண்டா இருக்க முடியும் என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

அவர்கள் வீட்டின் முன்பாதியில்தான் நான் நூல்கடை வைத்திருக்கிறேன். நூல், ஊசி, ஜிப்பு, பட்டன், ரப்பர் நாடா, கூட வருகிற பெண்களுக்காகச் சீப்பு, ரிப்பன், நெயில் பாலிஷ். எனக்கும் அவர்களுக்கும் நடுவில் ஒரு பிளைவுட் பலகைதான். ஒட்டுக்கேட்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. பலகை மெல்லிசு, கடவுள் காதைத் திறந்தே படைத்துவிட்டார், நான் என்ன செய்ய முடியும்.

பலகைக்கு அந்தப் பக்கம் அவர் மனைவி கித்தான் தைக்கிறாள். சரக்கு வண்டிக்கு மேலே போடுவது, கடைக்கு முன்னால் இழுத்துக் கட்டுவது, எல்லாம் முரட்டுத் துணி. கையால் மடிக்கவே இரண்டு பேர் வேண்டும், அவள் ஒருத்தியே முழங்காலால் அழுத்தி மடிப்பாள். மெஷினும் அதற்கேற்ற முரட்டு மெஷின். கல்யாணத்துக்கு முன்பு ஒரு கூடாரக் கம்பெனியில் வேலை பார்த்தபோது, அவர்கள் கழித்துப்போட்ட மெஷினைத் தானே வாங்கி, கல்யாணமாகி வரும்போது கூடவே கொண்டுவந்தாள். அவள் பேசுவது குறைவு. எங்கள் தெருவில் எல்லாரும் அவளைக் கித்தான்காரி என்றே சொல்வோம், அவளும் அதற்குத் திரும்பிப் பார்ப்பாள். ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிப் படிக்கிறாள்.

அந்த மெஷினின் சத்தத்தை வைத்தே அங்கே என்ன நடக்கிறதென்று நான் சொல்லிவிடுவேன். நேர்த் தையல் என்றால் ஒரே சீராக ஓடும். மூலையில் எட்டு மடிப்பு சேருகிற இடம் வந்தால் ஒரு நொடி நின்று, அவள் மிதியை ஓங்கி ஒரு மிதி மிதிப்பாள், தடதடவென்று மூலையைத் தாண்டிவிடும். எப்போதாவது நூல் சிக்கினால் ‘டக்’ என்று ஒரு சத்தம் கேட்கும். அது சேஃப்டி கிளச்.

அதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் கதை புரியாது. மேலே ஊசி ஏறி இறங்குகிறது, கீழே நூலைப் பிடிக்கிற கொக்கி சுற்றுகிறது. நூல் கொக்கிக்குள் சிக்கி இறுகிவிட்டால், மேலும் சுற்றினால் கொக்கி உடையும். அதற்கு முன்னால் கிளச் தானாகக் கழன்றுகொள்ளும். ஊசி பாட்டுக்கு ஏறி இறங்கும், கொக்கி சுற்றாது, தையல் விழாது, ஆனால் எதுவும் உடையாது. சிக்கை எடுத்துவிட்டு, மேலே இருக்கிற சின்னப் பொத்தானை அமுக்கிப் பிடித்துக்கொண்டு சக்கரத்தைப் பின்பக்கம் திருப்பினால், ‘டக்’ என்று மறுபடியும் சேர்ந்துகொள்ளும். எவ்வளவு இறுகினால் கழல வேண்டும் என்பதை உள்ளே ஒரு சின்னத் திருகு முடிவு செய்கிறது. இதெல்லாம் எனக்குத் தெரிந்ததே அந்த வாரம்தான்.

அந்த வருஷம் வானம் முன்கூட்டியே கறுக்கத் தொடங்கியிருந்தது. காய்கறிச் சந்தைக்காரர்கள் எல்லாரும் சேர்ந்து கடைகளுக்கு மறைப்பு தைக்க அவளிடம் கொடுத்திருந்தார்கள். மழைக்கு முன் கட்டிவிட வேண்டும், தவறினால் அந்த வேலை இனி அவளுக்கு இல்லை. ஊருக்கு வெளியே வரிசையாக மெஷின் போட்டிருக்கிற கம்பெனி வாயைத் திறந்துகொண்டு காத்திருந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் கிளச் மக்கர் செய்ய ஆரம்பித்தது. சிக்கே இல்லாமல் கழன்றது. அவள் பொத்தானை அமுக்கிச் சேர்ப்பாள், நாலு விரற்கடை ஓடும், கழலும். டக், டக் என்று பலகைக்கு அந்தப் பக்கம் நாள் முழுக்கக் கேட்டு எனக்கே பல் கூசியது.

அவரிடம் சொன்னாள். அஞ்சு நிமிஷம் என்றார். மறுநாளும் சொன்னாள், மறுநாளும் அஞ்சு நிமிஷம். அதற்குள் அவர் வழக்கமாக மெஷின் பார்க்கிற பை கம்பெனி மேனேஜரம்மா போன் செய்தாள், சாப்பிட்ட தட்டில் பாதியை வைத்துவிட்டு ஓடினார். கித்தான்காரி அந்தத் தட்டைக் கழுவும்போது கொஞ்சம் சத்தமாகவே கழுவினாள். அவளுக்கு மனசில் ஒரு புகைச்சல் இருந்தது, எனக்குத் தெரியும். அந்த மேனேஜரம்மா மேல் இல்லை, அந்தக் கம்பெனியில் இருக்கிற மெஷின்கள் மேல்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. அவர் வாசலில் நின்று டீ குடித்துக்கொண்டிருந்தார், வண்டிச் சாவி விரலில் ஆடிக்கொண்டிருந்தது. போன் அடித்தது. யாரென்று பார்க்காமலே எடுத்தார்.

“சொல்லுங்க, அஞ்சு நிமிஷத்துல வந்துடறேன். எந்தக் கடை?”

“கித்தான் கடைங்க,” என்று பதில் வந்தது. போனிலும் வந்தது, வீட்டுக்குள்ளிருந்தும் வந்தது. “உங்க முதுகுக்குப் பின்னாடிதான் இருக்கு.”

நான் சிரித்த சிரிப்பில் பட்டன் டப்பா கவிழ்ந்துவிட்டது. அவர் முகம் சிவந்து, டீயைக் கீழே ஊற்றிவிட்டு, பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் துணி உலர்த்த மாடிக்குப் போய்விட்டாள்.

மெஷின் தலையைப் பின்பக்கம் சாய்க்கிற சத்தம் கேட்டது. அப்புறம் ஒன்றுமே கேட்கவில்லை. போன் அடித்தது, எடுக்கவில்லை. மறுபடியும் அடித்தது, அப்போதும் எடுக்கவில்லை. இது நடக்காத விஷயமாயிற்றே என்று நான் எழுந்து போய் எட்டிப் பார்த்தேன். மெஷினுக்கு அடியில் டார்ச்சைப் பிடித்துக்கொண்டு சிலையாக உட்கார்ந்திருந்தார்.

“என்னப்பா, உள்ள பாம்பு கீம்பு இருக்கா?”

“கோடு இருக்கு,” என்றார்.

காட்டினார். கிளச்சின் வளையத்தில் அந்தச் சின்னத் திருகு. திருகின் தலையிலிருந்து வளையத்துக்கு, இரண்டையும் சேர்த்து, சிவப்பாக ஒரு மெல்லிய கோடு. நெயில் பாலிஷ்தான், எனக்குப் பார்த்தவுடன் தெரிந்துவிட்டது. திருகை யாராவது அசைத்தால் கோடு விலகிக் காட்டிக்கொடுத்துவிடும், அதற்காக இழுப்பதாம். இந்தக் கோடு இம்மி விலகவில்லை. வெயிலும் கையும் படாத இடமாகையால் நேற்று வைத்த மாதிரி பளபளவென்று இருந்தது.

“இது என் வேலை இல்லக்கா. கோடு போட்டுக்கிட்டு உக்காந்திருக்க எனக்கு எங்க நேரம்? எவனோ வந்து ஆற அமர உக்காந்து, துடைச்சு, அளவு பார்த்து வெச்சிருக்கான். பாருங்க, கிளச் பல்லோட ஓரத்தக்கூடத் தேய்ச்சு விட்டிருக்கான்.”

“நல்லாத்தானே வெச்சிருக்கான்,” என்றேன். என் வாயை அங்கேயே தைத்திருக்கலாம்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில் அந்த வீட்டு வாடகைதாரர் நான் என்பது எனக்கு ஞாபகம் வந்துவிட்டது. மெஷினை மூடினார். மாடியிலிருந்து இறங்கி வந்தவளிடம், கிரீஸ் காய்ந்து பிசினாகிவிட்டது, பொருள் வாங்கி வர வேண்டும் என்றார். அது பொய்யில்லை. பழுதே அவ்வளவுதான். பழைய கிரீஸைக் கழுவிவிட்டுப் புதிதாக வைத்தால் தீர்ந்தது, திருகைத் தொடவே வேண்டாம். மெக்கானிக்குக்கு அது தெரியாமல் இல்லை. ஆனால் அந்த மெஷின் அப்போது அவர் கண்ணுக்கு மெஷினாகத் தெரியவில்லை.

வெளியே வந்து என் கடையில் சாய்ந்துகொண்டார். அவர் இல்லாத நேரத்தில் வீட்டுக்கு யாராவது வருவதுண்டா என்று கேட்டார், ஏதோ விலை கேட்பது போல. தினம் நூறு பேர் வருகிறார்கள், என் கடைக்கு என்றேன். பையோடு யாராவது? பையில்லாமல் யார் கடைக்கு வருவார்கள் என்றேன். சிவப்பு நெயில் பாலிஷ் என்னிடம் யார் யார் வாங்குவார்கள் என்று கேட்டார். ஊரில் விரல் இருக்கிற எல்லாரும் என்றேன். பிறகு ஓரமாகப் போய் மகளுக்குப் போன் போட்டார். அவள் எந்த நிறம் வைத்துக்கொள்வாள், வீட்டில் பாட்டில் ஏதும் விட்டுப் போயிருக்கிறாளா என்று விசாரித்தார். அந்தப் பெண் பயந்துபோய், இனிமேல் வைக்கவே மாட்டேன் என்று சத்தியம் செய்திருக்கிறாள், பாவம்.

அன்றைக்கு மதியம் நான் பொறுக்க மாட்டாமல் கித்தான்காரியிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் சோற்றில் பொரித்த முட்டையைப் பிட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். கேட்டதும் கை நின்றது.

“யாருகிட்டக் கேட்டாரு?”

“என்கிட்டக் கேட்டாரு. உன் பொண்ணுகிட்டக் கேட்டாரு. இந்நேரம் பாதி ஊரைக் கேட்டிருப்பாரு.”

“என்கிட்டக் கேக்கல.”

“நீயாத்தான் சொல்லித் தொலையேன், யாருன்னு.”

“தேடட்டும்க்கா,” என்றாள். சோற்றைப் பிசைந்தாள். அவள் முகத்தில் சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போயிற்று, சிரிப்பென்று சத்தியம் செய்ய மாட்டேன்.

அவர் நேராகப் போனது ‘நாளைக்கு’ பழுது பார்த்த மெஷின்களைத் தேடி. ‘நாளைக்கு’ என்பது ஊரில் இருக்கிற இன்னொரு மெக்கானிக். எந்த மெஷினைக் கொடுத்தாலும் நாளைக்கு வாங்க என்பார், அந்த நாளை எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது, ஆனால் வந்துவிட்டால் அந்த மெஷினைப் பல வருஷத்துக்குத் திறக்க வேண்டியதில்லை. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெண் பார்க்கப் போன இடத்திலும் நாளைக்குச் சொல்கிறேன் என்றிருப்பார். இரண்டு பேரும் ஒரே பட்டறையில் ஒன்றாகத் தொழில் பழகியவர்கள். கித்தான்காரி வேலை பார்த்த அந்தக் கூடாரக் கம்பெனிக்கு அந்த நாளில் மெஷின் பார்க்க வந்துகொண்டிருந்ததும் ‘நாளைக்கு’தான். இந்தக் கடைசி விஷயம்தான் நம் ஆளின் மூளையில் முள்ளாகக் குத்திவிட்டது.

ஏதேதோ சாக்குச் சொல்லி நாலைந்து கடைகளில் மெஷின்களைச் சாய்த்துப் பார்த்திருக்கிறார். ‘நாளைக்கு’ கை வைத்த மெஷின்களில் எல்லாம் திருகின் மேல் சிவப்பு. போதாதா. சாயங்காலம் திரும்பி வந்தபோது அவர் முகம் அடுப்புக்கரி மாதிரி இருந்தது. யாரிடமும் பேசாமல் மெஷினைச் சாய்த்தார். பலகைக்கு இந்தப் பக்கம் சுரண்டுகிற சத்தம் கேட்டது. கத்தியால், வறட் வறட் என்று. அப்புறம் மண்ணெண்ணெய் வாசம். அப்புறம் திருகை முறுக்குகிற சத்தம், முனகல் இல்லாமல் யாரும் அவ்வளவு முறுக்க முடியாது.

அவள் வந்து நின்றாள் போலிருக்கிறது. மெஷினுக்குக் கீழே எண்ணெய் வடிய வைத்த தட்டில் சிவப்புச் செதில்கள் மிதந்ததாகப் பிற்பாடு சொன்னாள்.

“சுரண்டிட்டீங்களா?”

“பழைய அழுக்கு.”

“அழுக்கா,” என்றாள் அவள்.

“இனிமே கழலாது பார். எவன் வெச்ச அளவும் இனி இதுல இல்ல.”

கழலவில்லை, அது உண்மை. மறுநாள் காலையிலிருந்து மெஷின் நிற்காமல் ஓடிற்று. எட்டு மடிப்பு மூலைகளை ஒன்றும் இல்லாத மாதிரித் தாண்டியது. அவர் வண்டியில் ஏறும்போது என்னைப் பார்த்து லேசாகத் தலையை ஆட்டினார், எப்படி என்கிற மாதிரி. மத்தியானம் அவள் வேகவேகமாகத் தைத்துக்கொண்டிருக்கும்போது நூல் கொக்கிக்குள் போய்ச் சுற்றிக்கொண்டது. கிளச் கழன்றிருக்க வேண்டும். கழலவில்லை. கொக்கி அப்படியே திரும்பி ஊசியை இடித்தது. பட்டாசு வெடித்த மாதிரி ஒரு சத்தம். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள், விரல் இடுக்கில் ரத்தம். உடைந்த ஊசி முனை கண்ணுக்குக் கீழே கிழித்துவிட்டுப் போயிருந்தது. இன்னும் கொஞ்சம் மேலே என்றால் கண்.

அவருக்கு நான்தான் போன் செய்தேன். அஞ்சு நிமிஷம் என்று அன்றைக்கு அவர் சொல்லவில்லை, வந்து சேர அவ்வளவு நேரமும் ஆகவில்லை. அவள் கன்னத்தைப் பார்த்தார். பஞ்சில் மருந்தைத் தோய்த்து அவரே வைத்தார். அது வரைக்கும் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று.

“முன்னாடியா இருந்தா இது கழண்டிருக்கும்,” என்றாள் அவள். குற்றம் சொல்லவில்லை. சொன்னாள், அவ்வளவுதான்.

அவர் பஞ்சைக் கீழே வைத்துவிட்டார். அந்தச் சொல் அவருக்குள் எங்கே போய் விழுந்தது என்று எனக்கே தெரிந்தது. முன்னாடி என்றால் அவன் வைத்தபோது. அவன் வைத்தது கழலும், அவள் கண்ணைக் காப்பாற்றும். இவர் வைத்தது உடைக்கும்.

புதுக் கொக்கி வாங்கி வந்து மாட்டினார். திருகைத் தளர்த்தினார். இப்போது மூலைக்கு மூலை கழன்றது. கொஞ்சம் ஏற்றினார், நூலைச் சிக்கவிட்டுப் பார்த்தால் கழல மறுத்தது. இறக்கினார், மறுபடியும் மூலையில் டக். தானே உட்கார்ந்து மிதித்து ஓட்டிப் பார்ப்பார், சரியாக இருக்கும். எழுந்து அவளை உட்காரச் சொல்வார், முதல் மூலையிலேயே கழலும். வெளிவேலைக்குப் போகவில்லை, போன் அடித்து அடித்து ஓய்ந்தது. அவளை விட்டு விலகவும் மாட்டார், அவளோடு பேசவும் மாட்டார். சந்தைக்காரர்கள் வந்து, தைத்து முடிக்காமல் குவிந்து கிடக்கிற கித்தானையும் வானத்தையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுப் போனார்கள். அவள் முகம் வாடிக்கொண்டே வந்தது. இவருக்கு அதைப் பார்க்கவும் பொறுக்கவில்லை, அந்த இன்னொருவனைப் போல அளவு வைக்க வராததும் பொறுக்கவில்லை. இரண்டில் எது அதிகம் என்று கேட்டால் நான் பதில் சொல்ல மாட்டேன்.

இப்படி இருக்கும்போது ‘நாளைக்கு’ என் கடைக்கு ஊசி வாங்க வந்து நின்றார். வாரம் ஒருமுறை வருகிற ஆள்தான். நான் ஊசிப் பாக்கெட்டை எடுப்பதற்குள் இவர் உள்ளேயிருந்து வந்துவிட்டார். நான் கண்ணாடிப் பெட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டேன்.

“என் வீட்டு மெஷின்ல நீ எப்ப கை வெச்ச?”

‘நாளைக்கு’ அவசரப்படவில்லை. என்றைக்கு அவசரப்பட்டார். இந்த வீட்டு வாசல்படியைத் தாண்டி நான் உள்ளே போனதே இல்லையே என்றார். பிறகு இவர் கையில் ஒட்டியிருந்த கிரீஸைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார், பலகைக்கு அந்தப் பக்கம் ‘டக்’ என்று கேட்டதும் காதைச் சாய்த்தார்.

“கிளச் நிக்கலையா?”

“அதை விடு. சிவப்பு வெச்சது நீதான?”

“பொட்டா, கோடா?”

“கோடு.”

“நான் பொட்டுதான் வைப்பேன்,” என்றார் ‘நாளைக்கு’. “அளவு வெச்சியே, யாரு காலை வெச்சுப் பார்த்த?”

“என் கால்தான்.”

“தைக்கறது யாரு?”

இவர் பலகையின் பக்கம் திரும்பினார்.

“ஓட்டறவங்க மிதிக்கிற மிதியைப் பார்த்துதான் அதை வைக்கணும். பட்டறைல நீதான் எனக்குச் சொல்லிக் குடுத்த.” ஊசிப் பாக்கெட்டைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். “ஊரெல்லாம் போய் மெஷினைச் சாய்ச்சுப் பார்த்தியாமே. வீட்ல கேட்டியா?”

அவர் போய்விட்டார். இவர் கொஞ்ச நேரம் என் கடை முன்னால் நின்றார். தூறல் விழ ஆரம்பித்திருந்தது, பெரிய பெரிய துளி. பிறகு உள்ளே போனார். நான் ரேடியோவை அணைத்தேன். அணைக்காமல் எப்படி இருப்பது.

“யாரு?” என்றார்.

மெஷின் நின்றது.

“ஒருத்தர் வந்தாரு,” என்றாள். “ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி. அன்னிக்கும் மழைதான். இதே கிளச்தான் கழண்டு கழண்டு போச்சு. கூப்பிடக்கூட இல்ல, நான் பொத்தானை அமுக்கறதைப் பார்த்துட்டு அவரா வந்து உக்காந்தாரு.”

“அப்புறம்?” குரல் அவருடையது போலவே இல்லை.

“காலைல உக்காந்தவரு. இருட்டற வரைக்கும் எழுந்திரிக்கல. யாரு கூப்பிட்டாலும் இன்னிக்கு முடியாதுன்னு சொல்லிட்டாரு. என்னை மிதிக்கச் சொன்னாரு, கீழ குனிஞ்சு பார்த்தாரு, திருகை ஒரு மயிரிழை திருப்பினாரு. மறுபடி மிதிக்கச் சொன்னாரு. உன் கால் மூலைல ஓங்கி மிதிக்குது, அந்த மிதிக்குத்தான் வைக்கணும்னாரு. என் கால் எப்படி மிதிக்குதுன்னு அதுக்கு முன்னாடி யாரும் பார்த்ததில்ல. எனக்கே தெரியாது.”

அந்தப் பக்கம் நாற்காலி கிறீச்சென்றது. அவர் எழுந்தாரோ உட்கார்ந்தாரோ.

“சோறு போட்டேன். கையெல்லாம் எண்ணெய்னு சொன்னாரு. ஊட்டி விட்டேன்.”

“ஊட்டி விட்டியா,” என்றார் அவர். கேட்க எனக்கே சங்கடமாக இருந்தது. பொறாமைக்கு இப்படி ஒரு குரல் உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

“ஊட்டி விட்டேன். அளவு சரியா வந்ததும், நெயில் பாலிஷ் இருக்கான்னு கேட்டாரு. கல்யாணத்துக்கு வாங்கின பாட்டில் ஒண்ணு இருந்துச்சு. அவரு கை நடுங்குதுன்னு சொல்லி, என்னையே கோடு இழுக்கச் சொன்னாரு. நான்தான் இழுத்தேன். அவரு மெஷின் தலையைப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான் இழுக்கறதைப் பார்த்துக்கிட்டே பிடிச்ச கையை விட்டுட்டாரு. தலை வந்து இடிச்சிடுச்சு.” கத்தரியைக் கீழே வைக்கிற சத்தம் கேட்டது. “இடது புருவத்துல. தையல் போட்டாங்க. அந்த இடத்துல முடி திரும்ப முளைக்கவே இல்ல.”

மழை கூரையில் கொட்ட ஆரம்பித்துவிட்டது. அதற்கு மேல் ஏதாவது பேசியிருந்தாலும் எனக்குக் கேட்டிருக்காது. நான் கூச்சத்தை விட்டுவிட்டு எழுந்து போய்ப் பலகை முடிகிற இடத்தில் நின்று பார்த்தேன். அவர் கை புருவத்தின் மேல் இருந்தது. தழும்பை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

“ஏன் சொல்லல?” என்றார் கடைசியில்.

“அவரைத்தாங்க நானும் இத்தனை வருஷமாத் தேடிக்கிட்டு இருக்கேன்,” என்றாள் அவள். “நீங்களும் தேடறீங்கன்னு தெரிஞ்சுது. கிடைச்சாலும் கிடைப்பாருன்னு பேசாம இருந்தேன்.”

அவள் அழுதிருந்தால் எனக்கு அவ்வளவு கஷ்டமாக இருந்திருக்காது. கன்னத்தில் இருந்த பிளாஸ்திரியை ஒரு விரலால் சரிசெய்துகொண்டு, அடுத்த கித்தானை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். அவர் அப்படியே தரையில் உட்கார்ந்தார். பிறகு மெஷின் தலையைச் சாய்த்து, கழியால் முட்டுக்கொடுத்து, அது விழாது என்று இரண்டு முறை அசைத்துப் பார்த்தார்.

“காலை வை,” என்றார்.

அவள் மிதித்தாள். அவர் குனிந்து, திருகைப் பார்க்கவில்லை, அவள் காலைப் பார்த்தார். மறுபடியும் மிதிக்கச் சொன்னார். தலையை நேராக இறக்கி வைத்து, எட்டு மடிப்புக் கித்தானைக் கொடுத்து மிதிக்கச் சொன்னார். நூலைப் பந்தாகச் சுருட்டிக் கொக்கிக்குள் விட்டு மிதிக்கச் சொன்னார். கழன்றது, சேர்த்தார், மறுபடி. நான் கடையைச் சாத்தவில்லை, மழைக்கு வாடிக்கையும் இல்லை. நடுவில் அவர் போன் அடித்தது. பை கம்பெனியாகத்தான் இருக்கும். எடுத்துக் காதில் வைத்து ஒரே ஒரு சொல் சொன்னார்.

“நாளைக்கு.”

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. அவள் தலையைக் குனிந்துகொண்டாள், தோள் மட்டும் குலுங்கியது. அந்தச் சிரிப்புக்கு நான் சத்தியம் செய்வேன்.

விளக்கு வைத்த பிறகு மெஷின் ஓடிற்று. மூலை வந்தது, ஒரு நொடி நின்றது, அவள் ஓங்கி மிதித்தாள், தடதடவென்று தாண்டிப் போயிற்று. அடுத்த மூலை. அதற்கடுத்த மூலை. பாதிக் கடைகள் நனைந்த பிறகுதான் மறைப்புகளை அவர் வண்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போய்ச் சேர்த்தார். சந்தைக்காரர்கள் முகம் கொடுத்துப் பேசவில்லை, அடுத்த வருஷத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை.

மறுநாள் காலையில் என் கடைக்கு வந்து சிவப்பு நெயில் பாலிஷ் கேட்டார். நான் நாலு சிவப்பு எடுத்து வைத்தேன். நாலையும் வெளிச்சத்தில் பிடித்துப் பிடித்துப் பார்த்தார். எல்லாம் ஒரே சிவப்புதானப்பா என்றேன், இல்லை என்றார். ஒருவழியாக ஒன்றை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவள் அதை வாங்கிப் பார்த்த மாதிரி இருந்தது.

“இப்ப வேணாங்க,” என்று அவள் சொன்னது கேட்டது. “முதல்ல ஓடட்டும். இந்த மழைக்காலம் போகட்டும், பார்க்கலாம்.”

அந்த மழைக்காலம் போய்விட்டது. இப்போதும் தினம் காலையில் வண்டிச் சாவியை எடுப்பதற்கு முன்னால் அவள் மெஷினுக்கு அடியில் ஒருமுறை குனிந்து பார்க்கிறார். பாட்டில் மெஷின் பலகையின் ஓரத்தில், நூல்கண்டுக்குப் பக்கத்தில் நிற்கிறது. மூடி இன்னும் திறக்கவில்லை. எழுந்து போகும்போது அதையும் ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் போகிறார், அவள் வேறு யாருக்காகவோ எடுத்து வைத்திருக்கிற மாதிரி.